கல்லான மகன்களும் ஒரு காலி நாற்காலியும்

பதாங்,
ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வியாழக்கிழமை

அன்புள்ள தஸ்ரிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது போன வாரம்தான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரைப் போடவில்லை. ஆபீசில் யாராவது கேட்டால், ஊர்ச் சங்கத்திலிருந்து நன்கொடை கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடு. நம் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சங்கம்தான் வைப்பார்கள் என்பது ஜகார்த்தாவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் மாமா சுஹைமிக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. பள்ளிவாசலுக்கு நடந்தே போகிறார். திரும்பும்போது மட்டும் யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "போறப்ப அல்லா கூப்பிடறான், வர்றப்ப யாரு கூப்பிடறா?" என்கிறார். நான் எழுதுகிற விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் முட்டி வலியையும் மறந்து ஜகார்த்தாவுக்குக் கிளம்பிவிடுவார். பெண் வீட்டார் முறையாக நம் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையை அழைத்துப் போக வேண்டும், தாய்மாமன் வாசலில் நின்று அனுப்பிவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உயிர்.

வீட்டில் நான் மட்டும்தான். பெண்கள் வழியாக வருகிற வீட்டில் ஒரு பெண் பிள்ளை பிறக்காமல் போனதால், எனக்குப் பிறகு இது என் தங்கை மகளுக்குப் போகும். அவள் இப்போதே ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு பிடி அரிசி போட்டால் பானைக்கே அவமானமாக இருக்கிறது. அதனால் இரண்டு பிடி போடுகிறேன். மிச்சத்தைக் கோழி தின்கிறது. என்னைவிடக் கோழி கொழுத்துவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் பேச ஆள் இல்லை. ரேடியோவில் யார் சலாம் சொன்னாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கடையை நகர்த்திவிட்டேன். போன மழைக்காலத்தில் கடல் ஏறி வந்து பழைய கொட்டகையின் முன் கால்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கப்பலில் பணக்காரனாக வந்து இறங்கி, பெற்றவளைத் தெரியாது என்று சொல்லி, அவள் சாபத்தில் கல்லாகிக் கிடக்கிறானே, இப்போது அவனுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறேன். அதே வியாபாரம்தான். நெத்திலியும் தேங்காய்த் துருவலும் மஞ்சளும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து, வாழை இலையில் சுருட்டித் தணலில் சுடுகிற பலாய். தணலை ஊதினால் புகை நேராக அந்தக் கல் மகனின் முதுகில் போய் விழுகிறது. குப்புற விழுந்து கிடக்கிறவன் நாள் முழுக்க மீன் வாசம் பிடித்துக்கொண்டிருக்கிறான், பாவம்.

போட்டோக்கார பஹரை நினைவிருக்கிறதா? எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டதால் இப்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விற்கிறான். வாய் மட்டும் அப்படியேதான். "என்னக்கா, உன் பிள்ளை எப்பக் கப்பல்ல வந்து எறங்கப் போறான்? இன்னொரு கல்லுக்கு எடம் பாத்து வெச்சிருக்கேன்" என்பான். "மொதல்ல உன் வாயில ஒரு கல்ல வெக்கிறேன்டா" என்பேன். இருவரும் சிரிப்போம். ஆனால் நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது பையன்கள் உன்னைக் 'கல்லு, கல்லு' என்று கூப்பிட்டார்களே, அப்போது நீ சிரித்ததில்லை. அது எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கல் அங்கே கிடக்கிறது, என் அடுப்பு இங்கே எரிகிறது.

முன்பெல்லாம் பலாய் வாங்குகிறவர்களுக்கு நான்தான் கதை சொல்வேன். நீ வருவதை நிறுத்திய பிறகு எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. அவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மகன் உண்டா என்று கேட்பேன். இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. எங்கள் ஊருக்கு மட்டும்தான் இந்தக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், கடற்கரைக்கு ஒரு மகன் வீதம் கல்லாகிக் கிடக்கிறான்.

ஆச்சேயிலிருந்து வந்த கயிற்று வியாபாரி, அவர்கள் ஊரில் மகன் கப்பலோடு சேர்ந்து ஒரு குன்றாகிவிட்டான் என்றார். ரியாவ் பக்கத்து வாத்தியார் ஒருவர், எங்கள் ஊரில் கல்லே இல்லை, புயலில் கப்பல் சிதறியது, பட்டுத்துணி பறந்து விழுந்த இடம் ஒரு ஊர், கொடிமரம் குத்திய இடம் ஏரி என்றார். ஒரு மகன் கெட்டதில் இத்தனை ஊருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. மண்டாயிலிங் டிரைவர் சொன்னது வேறு மாதிரி. அங்கே அவன் கல்யாண மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான். அம்மா பந்தலுக்குள் வருகிறாள். யாரோ கிழவி, வெளியே தள்ளுங்கள் என்கிறான். பந்தலும் விருந்தும் மாப்பிள்ளையும் கொதிக்கிற வெந்நீர்க் குளமாகிவிடுகின்றன. அந்த டிரைவர் சேற்றைக்கூட விடவில்லை. "குழம்பு ஊத்தின எடம்தாம்மா இன்னிக்கும் மஞ்சளா கொதிக்குது" என்றார். கலிமந்தானிலிருந்து வந்த நர்ஸ் பெண் சொன்னதில் மகன் இல்லை, மகள். பட்டுடுத்தி முன்னால் நடக்கிறாள், பின்னால் அம்மா கூடை சுமந்து வருகிறாள். யார் கேட்டாலும் "அது என் வேலைக்காரி" என்கிறாள். கடைசியில் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கல்லாகிக்கொண்டே வருகிறாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து உன் கால் மரத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. சிரிக்காதே.

மாவு ஒன்றுதான், ஊருக்கு ஊர் அச்சுதான் வேறு. எந்தக் கதையிலும் அப்பா கிடையாது, முதல் வரிக்கு முன்பே செத்துப்போய்விடுகிறார். எந்தக் கதையிலும் அம்மா வெறுங்கையோடு போவதில்லை, இலையில் எதையாவது கட்டிக்கொண்டுதான் போகிறாள். பக்கத்தில் எப்போதும் புதுப் பெண்டாட்டி நிற்கிறாள். சில ஊரில் அவள் மூக்கைச் சுளிக்கிறாள். சில ஊரில், "உங்க அம்மாதான்னா ஒத்துக்கங்களேன், எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல" என்கிறாள். பிறகு சாபம். அத்தோடு முடிந்துவிடும். அப்புறம் அந்த அம்மா எங்கே போனாள் என்று கேட்டால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "வீட்டுக்குப் போயிருப்பா" என்றார் கயிற்று வியாபாரி. வீட்டுக்குப் போய்? ஒரு பிடி போட்டாளா, இரண்டு பிடி போட்டாளா? கல்லைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அவளைப் பற்றி ஒருவருக்கும் ஒரு வரி தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தள்ளிப் போடத்தான் இவ்வளவு நேரம் கதை அளந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மதியம் ஜாவாக்காரக் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, ஒரு பெண். பெண் கையில் இலைப் பொட்டலம். நேராகத் தண்ணீருக்குப் போனார்கள். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து, ரோஜா இதழும் மல்லிகையுமாகக் கடலில் தூவினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் செத்தவர்களின் கல்லறைக்குப் போய்ப் பூத் தூவி ஆசி கேட்பது அவர்கள் வழக்கம். கடலில் ஏன் தூவுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பசியோடு என் கடைக்கு வந்தார்கள். ஜாவாக்காரர்கள் பேசுவதுதான் உனக்குத் தெரியுமே, மிளகாய் போடாத குழம்பு மாதிரி. அவ்வளவு மெதுவாக மூன்று பலாய் கேட்டார்கள்.

யாருக்கும்மா பூ என்று கேட்டேன். "என் வருங்கால மாமியாருக்கும்மா" என்றாள் அந்தப் பெண். "அவங்க கல்லறை பூகம்பத்துல மண்ணு சரிஞ்சு போயிடுச்சாம். எங்க தேடறது? அவங்க ஊருக் கடல்தானே, எப்படியும் போய்ச் சேரும்னு அப்பா சொன்னாங்க." எனக்கு மனசு இளகிவிட்டது. செத்துப்போன ஒருத்திக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். உறைக்கிறதா என்று கேட்டேன். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "இதுக்கே ஒறைக்குதுன்னா நீ பதாங் மருமகளா ஆக முடியாதுன்னு அவரு சொல்லுவாரு" என்று சொல்லி, செல்போனைத் திருப்பி மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினாள்.

எல்லாக் கரையிலும் அம்மா ஒரு தழும்பைப் பார்த்துத்தான் மகனை அடையாளம் கண்டுபிடிக்கிறாள். எனக்குத் தழும்பு தேவைப்படவில்லை. கன்னம் பூசினாற்போல் ஆகிவிட்டது, கழுத்தில் டை தொங்குகிறது. ஆனால் சிரிக்கும்போது கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொள்வதை நீ இன்னும் விடவில்லை.

"நல்ல பையன்மா" என்றேன்.

அவள் நிறுத்தாமல் பேசினாள். உனக்கு யாரும் இல்லையாம். அப்பாவும் அம்மாவும் நீ சின்னப் பையனாக இருந்தபோதே தவறிவிட்டார்களாம். ஊருக்கு வந்தால் மனசு தாங்காது என்று நீ அவர்களோடு வரவில்லையாம். உன் அப்பா போனது உண்மை. ஆகப் பாதிதான் பொய். பொய்யிலும் நீ கஞ்சன் இல்லை, என்னைப் பூகம்பத்தில் ஒரு தடவை, அதற்கு முன் ஒரு தடவை என்று இரண்டு முறை புதைத்திருக்கிறாய். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை அலை பாதிப் பூவைத் திருப்பிக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டிருந்தது. என் கல்லறைப் பூவை நானே பெருக்கித் தள்ளினேன்.

பஹர் பக்கத்தில்தான் இருந்தான். படத்தை எட்டிப் பார்த்துவிட்டான். அந்தப் பெண்ணின் அப்பா, பெயர் விர்யவான், மரியாதையாக என் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். பஹர் வாயைத் திறந்தான். "டேய், ஐஸ் தீந்து போச்சு, ஓடு, ஓடு!" என்று கத்தினேன். ஐஸ் பெட்டி நிறைய இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

"எனக்குப் பிள்ளை கிடையாது" என்றேன்.

தஸ்ரில், நான் இத்தனை பேரிடம் கதை கேட்டிருக்கிறேன். எல்லா ஊரிலும் மகன்தான் சொல்கிறான், இவள் என் அம்மா இல்லை என்று. அம்மா அப்படிச் சொன்னதாக ஒரு கரையிலும் கேட்டதில்லை. எனக்கு ஏன் அப்படி வந்தது என்றால், உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் என்ன ஆகும் என்று ஒரு கணம் பார்த்தேன். அவள் மூக்கைச் சுளிக்கிறவள் இல்லை, ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற ரகம். அது இன்னும் கஷ்டம். அதைவிட, நான் வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையோடு நிற்காது என்று எனக்கே பயம். என் வாய் உனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஒரு பொய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பார். அந்தப் பெண் லரஸ் (நல்ல பெயர், எனக்குப் பிடித்திருக்கிறது) சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார். பிறகு அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு வீட்டுப் பெற்றோர் முன்னால் மண்டியிட்டு, அவர்கள் முழங்காலில் முகம் வைத்து ஆசி கேட்க வேண்டுமாம். பெற்றவர் இல்லையென்றால் யாராவது பெரியவர்கள் அந்த நாற்காலியில் உட்காரலாம், அது அவர்களுக்குள் வழக்கம்தானாம். அப்பா இடத்துக்கு உன் மேலதிகாரி வருகிறாராம். அம்மா இடத்துக்கு அவளுடைய பெரியம்மா உட்காருவதாக ஏற்பாடு. "ஆனா அவங்க எங்க ஊருக்காரங்கம்மா. அவருக்கு அது அம்மா மாதிரியே இருக்காது. நீங்க அவரு ஊரு. உங்க கையில அவரு ஊரு மசாலா வாசம் அடிக்குது. உங்களுக்கும் பிள்ளை இல்லைங்கறீங்க. நீங்க வந்து உக்காருவீங்களா? டிக்கெட் நான் எடுத்து அனுப்பறேன்." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. ஓடிப்போய்க் கடலில் விழவும் தோன்றியது. கடையை யார் பார்ப்பது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெயர் கேட்டாள். கல்யாணப் பதிவில் உன் அம்மா பெயர் எழுதியிருக்குமே என்று பயந்து, எல்லோரும் என்னைக் கடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். போன் நம்பர் கேட்டாள். பஹரின் நம்பரைக் கொடுத்தேன். என் நம்பர் உனக்குத் தெரிந்த நம்பராயிற்றே. உன் ஆபீஸ் விலாசம் அவள் பேச்சிலேயே வந்தது. நீ வேலை செய்கிற கட்டடத்தில் எத்தனை லிஃப்ட் என்பதுவரை அவளுக்குப் பெருமை. போகும்போது உனக்கென்று பலாய் சுற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டாயா? அல்லது வாசம் பிடித்துப் பார்த்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிட்டாயா?

அன்றிலிருந்து பஹர் என்னைக் கேலி செய்வதில்லை. தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் காப்பி ஊற்றித் தருகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேற்று முன்தினம், "அக்கா, போக்கா. போய் உக்காரு. எவன் கேக்கறான்?" என்றான். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் மண்டாயிலிங் டிரைவர் சொன்ன பந்தலை நினைத்துக்கொள்கிறேன். கூப்பிடாத பந்தலுக்குள் போன அம்மா அவள். அங்கே என்னைப் பார்த்ததும் உன் முகம் மாறினால், அதை நான் பார்த்துவிட்டால், என் மனசு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதனால் உன்னைக் கேட்காமல் வரமாட்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் பெரிதில்லை. அந்தக் கடைக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், பெரியம்மாவே உட்காரட்டும் என்று லரஸிடம் சொல்லிவிடு. நான் இருமிக் காட்டிவிடுவேன். வரலாம் என்று தோன்றினால், அதையும் அவளிடமே சொல். அவள் பஹருக்குப் போன் செய்வாள். நான் கடைக்காரியாகவே வருவேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டேன். அவளிடம் உண்மையைச் சொல், சொல்லாதே என்று நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அது நீயும் அவளும் வாழப்போகிற வாழ்க்கை. நல்ல பெண், அவ்வளவு சொல்வேன். அந்தச் சடங்கில் எல்லோருமே அழுவார்களாம், லரஸ்தான் சொன்னாள். ஆகவே நீயோ நானோ அழுதாலும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

இன்னும் ஒன்று. இந்த ஒரு வாரமாகத் தொழுகை முடிந்து துஆ கேட்கக் கையேந்தவே எனக்குப் பயமாக இருக்கிறது. கயிற்று வியாபாரி, வாத்தியார், டிரைவர், நர்ஸ், யார் சொன்ன கதையானாலும் அம்மா இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்குகிறாள், மகன் அழிந்துபோகிறான். என் மனசுக்குள் ஒரு ஓரத்தில் வருத்தம் இருக்கிறது, இல்லை என்று அல்லாவிடம் பொய் சொல்ல முடியாது. கையைத் தூக்கினால் அந்த வருத்தமும் கூடவே மேலே போய்விடுமோ என்று மடியிலேயே வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் உனக்காகக் கேட்கிறேன். உன் கால் நன்றாக இருக்கட்டும். உன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே இருக்கட்டும். உனக்குப் பிள்ளைகள் பிறக்கட்டும், உன்னை யார் முன்னாலும் அப்பா என்று கூப்பிடட்டும்.

இந்தக் கையை மேலே தூக்காமல் கீழே இறக்க எனக்குத் தெரிந்து ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, உன் தலை. ஒரு தடவை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன். அந்த நாற்காலியில் என்னை உட்கார விடு, தஸ்ரில்.

இந்தக் கடிதத்தில் மட்டும்,
உன் அம்மா